தெரிந்தேதான் பிடித்தாரா என் அப்பா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் புகைப்பழக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசிப் பத்தியில், "கெடுதல் என்று தெரிந்தேதான் பிடிக்கிறார்கள், யாரை நோவது?" என்று கட்டுரையாளர் கையை விரித்துவிட்டார். அந்தத் "தெரிந்தே" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் அப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவார். (தீப்பெட்டி செய்யும் விம்கோ ஆலை பக்கத்துத் திருவொற்றியூரிலேயே இருந்தும் எங்கள் கடைக்காரர் ஓசியில் ஒரு குச்சி தரமாட்டார்.) எண்பதுகளில் இருமல் பிடித்துக்கொண்டபோது பீடியை விட்டு ஃபில்டர் சிகரெட்டுக்கு மாறினார். காசு அதிகம். "உடம்புக்கு நல்லதுன்னா செலவானா ஆகட்டும்" என்றார் அம்மா. பிடித்து முடித்த துண்டை அப்பா எங்களிடம் காட்டுவார். பஞ்சு பழுப்பேறியிருக்கும். "பாத்தியா, அழுக்கெல்லாம் இங்கயே நின்னுடுச்சு."

அந்தப் பழுப்புக்கும் ஒரு கதை இருப்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். 1953-இல் அமெரிக்காவின் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனியின் வேதியியலாளர் கிளாட் டீக், புகை பட்டால் நிறம் மாறும் ஃபில்டர் ஒன்றுக்கு யோசனை எழுதிக்கொடுத்தார். நிறம் மாறுவதால் புகை கூடுதலாக ஒன்றும் வடிகட்டப்படாது, ஆனால் விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் ஆதாயம் என்று அவரே அதில் சொல்லியிருக்கிறார். அப்பா பிடித்த சிகரெட்டில் அந்த மருந்து இருந்ததா இல்லையா என்பது என் கேள்வி அல்ல. பழுப்பைப் பார்த்தால் மனுஷன் என்ன நினைப்பான் என்று அவர் ஃபில்டருக்கு மாறுவதற்கு முப்பது வருடம் முன்பே ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்.

அதே டீக், அதே ஆண்டு, புற்றுநோய் ஆய்வுகளைத் தொகுத்து இன்னொரு அறிக்கையும் கொடுத்தார். நெடுநாள் அதிகம் புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதை அந்த ஆய்வுகள் உறுதிப்படுத்துவதாகவே தெரிகிறது என்பது அதன் சாரம். அது கம்பெனிக்குள்ளேயே நின்றது. அடுத்த ஜனவரியில் சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தன: எங்கள் பொருள் உடம்புக்குக் கெடுதல் என்று நாங்கள் நம்பவில்லை.

நான் மணலியில் ஒரு ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக எங்கள் பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் கிழிக்க முடியாது. தப்பாக எழுதியதைக்கூட ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, விக்டர் டினோபிள் கதையைப் படித்தபோது ரத்தம் கொதித்தது. ஃபிலிப் மோரிஸ் கம்பெனி ஆய்வகத்தில் எலிகளை வைத்து வேலை செய்தவர். நிகோடினுக்காக எலிகள் நெம்புகோலைத் தாங்களாகவே திரும்பத் திரும்ப அழுத்தின. பத்திரிகைக்கு அனுப்பிய ஆய்வுக் கட்டுரையை 1983-இல் கம்பெனி திரும்பப் பெறவைத்தது. 1984-இல் ஆய்வகத்தையே மூடிவிட்டது. பத்து வருடம் கழித்து, 1994 ஏப்ரலில், ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் அடிமைப்படுத்தாது என்றே நம்புகிறோம் என்றார்கள். இரண்டு வாரத்தில் அதே குழுவின் முன் டினோபிள் வந்து எலிகளைப் பற்றிச் சொன்னார். அப்பா அப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். 1996-இல் நுரையீரல் புற்றுநோயில் போனார்.

அம்மா விஷயம் வேறு. எங்களுக்கு ஒரே அறை. அவர் ஒரு சிகரெட்டும் தொட்டதில்லை, அந்தப் புகையில்தான் சமைத்தார், தூங்கினார். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபிலிப் மோரிஸ் சொந்தமாக வைத்திருந்த ஆய்வகம் எண்பதுகளிலேயே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது: இழுக்கும் புகையைவிட, எரியும் நுனியிலிருந்து கிளம்பும் புகை, கிராமுக்கு கிராம், மூன்று நான்கு மடங்கு நச்சு. அதையும் வெளியிடவில்லை.

வேறு சில கம்பெனிகள் ஆய்வுகளை வக்கீல்கள் வழியாக நடத்தின. வக்கீலிடம் போன காகிதம் ரகசியம், கோர்ட்டில் கேட்க முடியாது அல்லவா! கெட்டிக்காரத்தனம்தான். வேடிக்கை என்னவென்றால், வெளியே "இன்னும் நிரூபிக்கப்படவில்லை" என்றவர்கள், நோயாளிகள் வழக்குப் போட்டபோது "கெடுதல் என்று ஊருக்கே தெரியும், தெரிந்தேதான் பிடித்தார்" என்று வாதாடினார்கள். உங்கள் கட்டுரையாளரின் சொல்லும் அதுவே. அவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார், ஆனால் அது எதிர்க்கட்சி வக்கீலின் சொல்.

1998-இல் அமெரிக்க மாநிலங்கள் போட்ட வழக்குகள் முடிந்தபோது இந்தக் காகிதங்கள் வெளியே வந்தன. இன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாக நூலகத்தில் கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. இணையத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அவற்றில் பத்துப் பக்கத்தையாவது உங்கள் இதழில் தமிழில் போடுங்கள். டீக்கின் ஃபில்டர் குறிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை-81