வான்கட்டுக்குக் கேட்ட சாம்பல் கலந்த கொங்கிறீட்டுக்குப் பதிலாக வேறு கலவை அனுப்பியமை பற்றிய முறைப்பாடு

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,
றெடிமிக்ஸ் கொங்கிறீட் விநியோகப் பிரிவு.

ஐயா,

படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கத்திலுள்ள எங்கள் குளத்தின் வான்கட்டை, அதாவது நிரம்பிய நீர் வழிந்தோடும் சுவரைத் திருத்திக் கட்டும் வேலையை எங்கள் கமக்காரர் அமைப்பு பொறுப்பெடுத்துச் செய்து வருகிறது. அதற்கான கொங்கிறீட்டை ஆனி மாதம் உங்களிடம் வாங்கினோம். கிரேட் 25, சீமெந்துப் பங்கில் 30 வீதம் எரிசாம்பல் (நிலக்கரி எரித்த நுண்சாம்பல்) என்று உங்கள் விலைமனுவிலேயே எழுதி, ஒப்பமும் வைத்துத் தந்தீர்கள். வந்து இறங்கியதோ சாம்பலே இல்லாத தனிச் சீமெந்துக் கலவை. இன்று அந்தச் சுவரில் ஐந்து இடங்களில் வெடிப்பு.

விசாரித்தபோது உங்கள் விற்பனை உத்தியோகத்தர் தொலைபேசியில் சொன்னது இது: "அண்டைக்குச் சாம்பல் கையில இருக்கல்ல. அதான் முழுக்க நல்ல சீமெந்தாப் போட்டு அனுப்பின. கூடக் காசும் கேக்கல்லதானே."

எங்களுக்கு நன்மை செய்ததாகவே அவர் நினைத்துப் பேசினார். வெடிப்பை விட அந்தப் பேச்சுத்தான் எங்களை அதிகம் வருத்தியது. சாம்பல் என்றால் சீமெந்தை மிச்சம் பிடிக்கப் போடும் கலப்படம் என்று வெளியே யாராவது நினைக்கலாம். கொங்கிறீட்டையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம் அப்படி நினைக்கக் கூடாது.

அந்தச் சுவர் அடியில் 1.8 மீட்டர் தடிப்பு. சீமெந்தும் தண்ணீரும் சேரும்போது பிறக்கும் சூடு, வீட்டுத் தூணிலோ பிளாற்றிலோ வெளியேறிவிடும். இந்தத் தடிப்பில் அது நடுவிலேயே அடைபட்டுக் கிடக்கும். சீமெந்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்துக்குச் சாம்பலைப் போட்டால் சூடும் குறையும், பிறக்கிற சூடும் ஆறுதலாகப் பிறக்கும். எங்கள் வேலையைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சாம்பல் கட்டாயம் என்று நின்றது இதற்காகத்தான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1948 முதல் 1953 வரை கட்டிய ஹங்ரி ஹோர்ஸ் அணையில் 1 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரிச் சாம்பல் போட்டிருக்கிறார்கள். மகாராஷ்டிராவின் காட்கர் அணையில் சீமெந்தை விடச் சாம்பலே அதிகம். எங்களுடையது சின்னக் குளம்தான். ஆனாலும் தடித்த கொங்கிறீட்டுக்குள் சூடு ஒரே மாதிரித்தான் வேலை செய்யும்.

கொங்கிறீட் போடுமுன் சுவரின் நடுவில் ஒரு மெல்லிய குழாயை நிறுத்தி, வெப்பமானியை நூலில் கட்டி இறக்கிப் பார்த்து வந்தோம். இரண்டாம் நாள் பின்னேரம் 73 பாகை செல்சியஸ் காட்டியது. வெளியே எடுத்தபோது கண்ணாடியைக் கையில் பிடிக்க முடியவில்லை. அடுத்த நாள் விடியற்காலை சுவரின் வெளிப்புறம் 38 பாகை. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 20 பாகைக்கு மேல் போகவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

வெடிப்புகள் எல்லாமே அடியில் தொடங்கி நேராக மேலேறி, உச்சிக்கு வருமுன் மறைந்துவிடுகின்றன. சூடு ஆறிச் சுவர் சுருங்கப் பார்க்க, அடியிலுள்ள பழைய கட்டு அதை விடாமல் பிடித்துக்கொண்டதால் வந்தவை இவை. கீழ்ப்பக்கத்தில் சவர அலகின் நுனி தாராளமாக உள்ளே போகிறது. நனைத்துவிட்ட தண்ணீர் கசிந்த இடங்களில் வெள்ளைக் கோடாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. சாம்பல் இருந்திருந்தால் அந்தச் சுண்ணாம்பில் ஒரு பங்கைத் தன்னோடு சேர்த்துக் கட்டிப் பசையாக்கியிருக்கும். நாள் முழுக்கத் தண்ணீரைத் தாங்கி நிற்கும் கட்டுக்கு அது சின்னப் பயன் அல்ல.

எங்கள் முதல் கடிதத்துக்கு நீங்கள் எழுத்தில் தந்த பதில், 28ஆம் நாள் கியூப் சோதனை (கொங்கிறீட் கட்டியை நசுக்கிப் பலம் பார்ப்பது) தேறியிருப்பதால் கொங்கிறீட்டில் குறையே இல்லை என்கிறது. சாம்பலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பலம் போதாது என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. அதே கியூப்களை நீங்களே இன்னொரு தரம் பாருங்கள். விலைமனுவோடு நீங்கள் தந்த மாதிரிக் கலவையின் அறிக்கையில் 7ஆம் நாள் பலம் சதுர மில்லிமீட்டருக்கு 17 நியூட்டன். எங்கள் சுவருக்கு வந்த கலவை அதே 7ஆம் நாளில் 27ஐத் தாண்டிவிட்டது. சாம்பல் கலந்த கொங்கிறீட் தொடக்கத்தில் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அதனால்தான் பலத்தை 56ஆம் நாளில் பார்ப்பதென்று இரு பக்கமும் ஒத்துக்கொண்டோம். நீங்கள் நல்ல பெறுபேறு என்று காட்டும் தாளே சாம்பல் போடவில்லை என்பதற்குச் சாட்சி. லொறியோடு வந்த சிட்டைகளிலும் சீமெந்து வகை எழுதும் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.

இன்னொரு பயமும் எங்களுக்கு இருக்கிறது. உள்ளே 70 பாகையைக் கடந்து இறுகிய கொங்கிறீட் தொடர்ந்து ஈரத்தில் நின்றால், எட்ரிங்கைட் என்ற உப்பு பிந்தி உருவாகி, சில ஆண்டுகள் கழித்து உள்ளிருந்தே அதை உப்பவைத்து வெடிக்கச் செய்யக்கூடும். வான்கட்டு ஈரத்தில் நிற்பதற்கென்றே கட்டியது. இன்று வெடிப்பை அடைத்துவிட்டு நாளை நிம்மதியாகப் படுக்க எங்களால் முடியாது. 2011 தை வெள்ளத்தில் மட்டக்களப்பு வயல்கள் எப்படிக் கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். குளம் வான்பாயும் இரவில் காவலுக்குப் போகிறவர்கள் எங்கள் பிள்ளைகள்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவு. ஒவ்வொரு லொறிக்கும் உங்கள் கலவை நிலையத்து இயந்திரம் பதிந்த நிறைப் பதிவின் பிரதியை, சீமெந்து எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரியும்படி, இந்தக் கடிதம் கிடைத்த இரண்டு கிழமைக்குள் அனுப்புங்கள். சுவரிலிருந்து கோர் (துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து, இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் ஆய்வுகூடத்தில் உங்கள் செலவில் பரிசோதியுங்கள். அந்த அறிக்கை இடம் கொடுத்தால், ஐப்பசி மழைக்கு முன் வெடிப்புகளுக்கு உரிய பசை ஏற்றி அடைத்துத் தாருங்கள். இடித்துக் கட்டத்தான் வேண்டும் என்று வந்தால் அந்தச் செலவும் உங்களுடையது. இடது கரைப் பக்கத்துச் சுவர் இன்னும் போடவில்லை. அதற்குச் சாம்பல் கையிருப்பில் இல்லையென்றால் லொறி புறப்படுமுன் சொல்லுங்கள், நாங்கள் காத்திருப்போம். கேட்காமல் கலவையை மாற்றுவதில்லை என்று எழுத்திலும் தாருங்கள்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் விலைமனு, கியூப் அறிக்கைகள், வெப்பமானிக் குறிப்பு, வெடிப்புகளின் படங்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் மட்டக்களப்புக் காரியாலயத்துக்குப் போவோம். அவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
செயலாளர்,
கமக்காரர் அமைப்பு,
வெல்லாவெளி.