சிப் என்றாலே நானோமீட்டர் கணக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் எத்தனை நானோமீட்டர் என்பதோடு முடித்துவிடுகிறீர்கள். டிரான்சிஸ்டர் சுருங்கினால் எல்லாமே மேம்படும் என்ற எண்ணம்தான் படிப்பவர்களுக்கு வருகிறது. டிஜிட்டல் பக்கத்துக்கு அது பெருமளவு சரி. ஆனால் மைக், ஆன்டெனா, இதயத்துடிப்பை அளக்கும் சென்சார் என்று எங்கிருந்து வரும் சிக்னலும் முதலில் அனலாக் சர்க்யூட்டுக்குள்தான் (0, 1 என்று மாற்றாமல், ஏறி இறங்கும் வோல்டேஜை அப்படியே கையாளும் பகுதி) நுழைகிறது, அங்கே வேண்டாத அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டரை வடிவமைப்பவர்களின் பாடே வேறு.

கரண்டைத் தடுக்கும் ரெசிஸ்டரின் மதிப்பையும் மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெபாசிட்டரின் மதிப்பையும் பெருக்கினால் வருவதுதான் ஃபில்டர் எந்த அதிர்வெண்ணில் வெட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சிலிக்கானில் போடும் ரெசிஸ்டர் 20 சதவீதம் கூடவோ குறையவோ வருவது சாதாரணம், கெபாசிட்டரையும் நம்ப முடியாது. ஆனால் அடுத்தடுத்து ஒரே மாதிரி வரைந்த கெபாசிட்டர்களின் விகிதம் மட்டும் 0.1 சதவீத அளவுக்குத் துல்லியமாக வந்துவிடும். 1970களில் ஸ்விட்ச்டு கெபாசிட்டர் ஃபில்டர்களை உருவாக்கியவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ரெசிஸ்டரையே தூக்கிவிட்டு, 1 பிக்கோஃபாரட் (கெபாசிட்டர் மதிப்பின் அலகு) கெபாசிட்டரை ஸ்விட்ச் வழியாக ஒரு பக்கம் நிரப்பி மறுபக்கம் கொட்டுவதை நொடிக்கு 1 லட்சம் முறை செய்தால் அது 10 மெகாஓம் ரெசிஸ்டர் போலவே நடந்துகொள்ளும், அப்புறம் வெட்டும் அதிர்வெண்ணை, ஸ்விட்சுகளுக்குத் தாளம் போடும் கிளாக்கும் அந்தக் கெபாசிட்டர் விகிதமுமே முடிவு செய்யும். எவ்வளவு அழகான யோசனை! அதிக வேகம் தேவைப்படும் இடங்களில் வோல்டேஜைக் கரண்டாக மாற்றும் சர்க்யூட்டை கெபாசிட்டரோடு சேர்த்த ஜிஎம்-சி ஃபில்டர் போடுவார்கள், அந்தச் சர்க்யூட்டுக்கு நிலையாகக் கொடுக்கும் பயாஸ் கரண்டை மாற்றியே டியூன் செய்துகொள்ளலாம்.

சரி, அந்தக் கெபாசிட்டரையும் டிரான்சிஸ்டர் மாதிரிச் சுருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். முடியாது. ஸ்விட்ச் வழியாக நிரப்பும் 1 பிக்கோஃபாரட் கெபாசிட்டரில் அறை வெப்பநிலையில் சுமார் 64 மைக்ரோவோல்ட் இரைச்சல் (சிக்னலோடு கலக்கும் தாறுமாறான வோல்டேஜ்) இருக்கும், அதைப் பாதியாக்க 4 பிக்கோஃபாரட் வேண்டும். இது வெப்பத்தால் வருவது, எந்த நானோமீட்டருக்குப் போனாலும் மாறாது. சொல்லப்போனால், சிறிய டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கும் வோல்டேஜும் குறைவு என்பதால் சிக்னல் ஏறி இறங்க இடம் சுருங்குகிறது, பழைய தரத்தைக் காப்பாற்ற கெபாசிட்டரைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. டிரான்சிஸ்டரின் கெயினும் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) குறைவதால், ஃபில்டருக்குள் இருக்கும் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கியையும் புதிதாக யோசித்துத்தான் வரைய வேண்டும்.

அடுத்த முறை புதிய சிப் பற்றி எழுதும்போது அதில் அனலாக் பகுதி எவ்வளவு இடம் பிடிக்கிறது, அதை எப்படி வரைந்தார்கள் என்றும் அந்த நிறுவனத்திடம் கேட்டு எழுதுங்கள்.

- அனலாக் சர்க்யூட் வடிவமைக்கும் ஒரு வாசகர்