மலையக எம்.பி.மாருக்கு: மாகாண சபைக் கதவைத் திறந்துவிடுங்கள்

மலையகத்திலிருந்து நாடாளுமன்றம் போயிருக்கும் உறுப்பினர்களுக்கு, முக்கியமாக முதல் தடவை தெரிவான இளையவர்களுக்கு, வணக்கம்.

2024 நவம்பரில் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் வென்றபோது, கட்சி பார்க்காமல் தோட்டங்களில் சந்தோஷப்பட்டார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் வாக்கில் நாடாளுமன்றம் போனது அதுதான் முதல் தடவை. 1947இல் ஏழு பேரை அனுப்பி, அடுத்த வருடமே பிரஜாவுரிமையைப் பறிகொடுத்த சனம் நாங்கள். எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சரி, அடுத்து வருகிறவர்கள் எந்த வழியாக வருவார்கள்?

எங்கள் பக்கத்துப் பிரதேச சபையில் ஒரு தங்கச்சி உறுப்பினராக இருக்கிறாள். அம்மா கொழுந்து எடுக்கிறவர். தோட்டப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் வேண்டும் என்று பெற்றோர்கள் அவளிடம் மனு கொடுத்தார்கள். கொழுந்துக் கறை படிந்த விரலால் பிடித்து எழுதிய கையெழுத்துகள், சில இடத்தில் பெருவிரல் அடையாளம். ஆனால் பிரதேச சபையால் லைட் போடலாம், கான் வெட்டலாம். ஆசிரியர் தர முடியாது. அது மாகாணத்தின் வேலை. மாகாண சபை உறுப்பினர் ஒருவர் இருந்தால் சபையில் எழுந்து தமிழிலேயே கேட்பார், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது அந்த மனு ஏதோ ஒரு கந்தோர் மேசையில் கிடக்கிறது. அவள் போய்க் கேட்டால், "பார்ப்போம்" என்கிறார்கள்.

நுவரெலியா இருக்கும் மத்திய மாகாணத்துக்குக் கடைசியாக மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2013இல், பதுளை இருக்கும் ஊவாவுக்கு 2014இல். சபைகளின் காலம் முடிந்த பிறகு எல்லாம் ஆளுநர் கையில். இன்று இருபத்தைந்து வயதுள்ள எங்கள் பிள்ளை ஒருவர் மாகாண சபைக்கு ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை, போட்டியிடுவது இருக்கட்டும். வரவு செலவுத் திட்டத்தை வாசிக்க, அதிகாரியைக் கேள்வி கேட்க, பிரேரணை எழுதப் பழகும் இடம் அது. அது மூடிக் கிடந்தால், பெரிய குடும்பத்தில் பிறந்தவரோ தலைவரின் வாசலில் காத்து நிற்பவரோதான் மேலே போக முடியும். தோட்டத்துப் பிள்ளை பிரதேச சபையோடு நின்றுவிடும்.

தடை எங்கே என்று உங்களுக்கே தெரியும். 2017இல் மாகாண சபைத் தேர்தலைக் கலப்பு முறைக்கு, அதாவது ஒரு பகுதி உறுப்பினர்களைத் தொகுதி வாரியாகவும் மிச்சப் பேரை விகிதாசாரத்திலும் தெரிவு செய்யும் முறைக்கு, மாற்றிச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018 ஓகஸ்டில் அந்தத் தொகுதிகளின் எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று அப்படியே கிடக்கிறது. எங்கள் சனம் தோட்டம் தோட்டமாகச் சிதறி வாழ்கிறது. தொகுதி வெட்டினால் எங்கள் வாக்கும் சேர்ந்து வெட்டுப்படும். அதனால் கட்சி எடுக்கும் வாக்குக்கு ஏற்ப இடம் கிடைக்கும் பழைய விகிதாசார முறையே எங்களுக்குப் பாதுகாப்பு. அதற்குத் திரும்ப நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத் திருத்தம் போதும்.

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் நீங்கள் சேர்ந்து அந்தத் திருத்தத்தைக் கேளுங்கள். தேர்தல் வந்ததும் வேட்புமனுவில் பிரதேச சபைகளில் வேலை செய்துகொண்டிருக்கும் இளையவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இடம் கொடுங்கள். அந்தத் தங்கச்சியின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.