கடலூருக்கு ஒரு பன்னோக்கு உள்விளையாட்டரங்கம் வேண்டி மனு

அனுப்புநர்:
பெண்கள் கபடிப் பயிற்சியாளர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: கடலூர் மாநகரில் பன்னோக்கு உள்விளையாட்டரங்கம் கட்ட இடம் ஒதுக்கி, அரசுக்குக் கருத்துரு அனுப்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கபடி சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பயிற்சி நின்றுவிடும். ஒரு மழைக்கே ஆடுகளம் சேறாகிவிடுகிறது. மறுநாள் பிள்ளைகளே வாளியில் தண்ணீரை இறைத்து, மணல் கொட்டி, மிதித்துச் சமப்படுத்துவார்கள். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு முடிப்பதற்குள் அடுத்த மழை பிடித்துக்கொள்ளும்.

மழை இல்லாத மாதத்திலும் நாங்கள் பழகுவது மண்ணில்தான். ஆனால் பெரிய போட்டிகள் எல்லாம் 'மேட்' எனப்படும் செயற்கை விரிப்புக்குப் போய்விட்டன. போன வருடம் என் மாணவி ஒருத்தி தேர்வுப் போட்டியில் எதிரணிக் களத்துக்குள் முதல் ரெய்டுக்குப் போனாள். மண்ணில் காலைச் சறுக்கித் திரும்பியே பழகியவள். அந்த விரிப்பில் ஷூ அப்படியே பிடித்துக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. இன்னும் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வந்து, ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறாள். அவளிடம் திறமை குறைவில்லை ஐயா, பழக ஒரு மேட் இல்லை.

கபடிக்கு மட்டும் நான் கேட்கவில்லை. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட ஹேண்ட்பால் தளம் ஒன்று இருந்தால், கூடைப்பந்து (28க்கு 15), வாலிபால் (18க்கு 9), பெண்கள் கபடி (12க்கு 8) எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். சுற்றிலும் போதிய இடம் விட்டு, கூரையை 12.5 மீட்டருக்கு மேல் உயர்த்தினால் பெரிய வாலிபால் போட்டிகளுக்கும் தடை இருக்காது. 1995 தெற்காசியப் போட்டிக்காகச் சென்னையில் எழுந்த நேரு உள்விளையாட்டரங்கம் அளவுக்கு எங்களுக்குத் தேவையில்லை. இருக்கைகளை மடக்கி ஒதுக்கும் வசதி இருந்தால், போட்டி இல்லாத நாளில் வேலைவாய்ப்பு முகாமும் தேர்வும் அங்கேயே நடத்தலாம்.

அப்புறம், கடலூருக்கே உரிய தேவை ஒன்று உண்டு. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30இல் கரை கடந்த தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் என்று எத்தனையோ பார்த்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் பள்ளிகளிலும் கல்யாண மண்டபங்களிலும்தான் ஜனங்கள் தங்குகிறார்கள். வகுப்பறையில் பாய் விரித்தால் பாடம் நிற்கிறது. அரங்கத்தை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டி, பார்வையாளர் படிகளுக்குக் கீழே கான்கிரீட் அறைகள், கழிப்பறைகள், ஜெனரேட்டர் அறை அமைத்தால் அதுவே நிவாரண மையமாகவும் இருக்கும். கூரை மட்டும் புயல் காற்றைத் தாங்கும்படி அமைய வேண்டும். தானே அடித்தபோது தகரங்கள் பறந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே, கெடிலமும் தென்பெண்ணையும் ஏறாத மேட்டுப்பாங்கான அரசு நிலம் ஒன்றைத் தேர்வு செய்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு இந்த நிதியாண்டுக்குள் கருத்துரு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பேருந்து வசதி உள்ள இடமாக இருக்கட்டும். பயிற்சி முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவர்கள் பெண் பிள்ளைகள். கட்டி முடிக்கும் வரை, கூரை உள்ள ஏதாவது ஓர் அரசுக் கட்டடத்தில் கபடி மேட் ஒன்றை விரிக்க அனுமதித்தாலும் போதும். விரிப்பதும் சுருட்டுவதும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெண்கள் கபடிப் பயிற்சியாளர்,
கடலூர்.