வாசல் சாவி என்னிடமே இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

ராமேஸ்வரம் வரும் யாத்திரைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் நம் தங்கச்சிமடம் வீட்டுக்கு நம்பர் பூட்டு மாட்டிவிட்டால், வருகிறவர்கள் அவர்களே திறந்துகொண்டு போய்விடுவார்கள், ராத்திரியில் நான் எழுந்து வர வேண்டாம் என்று சொன்னாய். என் முட்டி வலியை நினைத்துத்தான் சொல்கிறாய், தெரியும். ஆனாலும் எனக்குச் சம்மதம் இல்லை.

உன் போனுக்கு வருவது ஒரு பெயரும் பணமும்தான். வாசலில் வந்து இறங்குவது ஐந்தாறு பேர். லாட்ஜ் என்றால் கவுன்ட்டரில் ஆள் இருப்பார், ரிஜிஸ்டர் இருக்கும். கேட்க ஆளில்லாத தனி வீடு, இரண்டு நாளில் காலி செய்துவிடலாம் என்றுதான் பெண்களையும் பிள்ளைகளையும் கடத்துகிற ஆட்கள் நம் வீடு மாதிரி தேடி வருகிறார்கள்.

நம் கடற்கரையில் போலீஸ் வண்டி நின்றால் மஞ்சள், பீடி இலை, கடல் அட்டை கடத்தல் என்றுதான் நினைப்போம். மனுசரைக் கடத்திக்கொண்டு வருகிறவன் மூட்டை கட்டிக்கொண்டு வரமாட்டான். ராமநாதசுவாமி தரிசனத்துக்கு வந்த சித்தப்பா மாதிரி நெற்றியில் விபூதியோடு வருவான். கூட வரும் பிள்ளையிடம் "எந்த ஊர்ம்மா?" என்று கேட்டால், அது முதலில் அவன் முகத்தைப் பார்க்கும். பதிலும் அவனே சொல்வான்.

அதற்காக வடநாட்டு யாத்திரைக்காரர்களை எல்லாம் சந்தேகப்படச் சொல்லவில்லை. போன அமாவாசைக்கு வந்த குடும்பத்தில் எல்லார் ஆதாரும் பாட்டியின் சுருக்குப்பையில்தான் இருந்தது. நான் கேட்டதும் பேத்தி ஓடிவந்து பையை அவிழ்த்து, தன் படத்தைக் காட்டிச் சிரித்தாள். கார்டு யார் பையில் இருக்கிறது என்பது பெரிதில்லை, கேட்டால் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஏழ்மையையும் பாஷையையும் வைத்து ஆளை எடை போட்டால் நல்லவர்களைத்தான் விரட்டுவோம்.

அப்புறம், தங்கியிருக்கும்போது தெரியும் அடையாளங்கள் வேறு. ஒரு நாள் என்று வந்து, தினமும் ரொக்கமாகக் கொடுத்து நீட்டிக்கொண்டே போவது. கூட்டிப் பெருக்க விடாமல், துண்டும் பெட்ஷீட்டும் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பது. ராத்திரியில் வேறு வேறு வண்டி வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போவது. வெளித்தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் ஆள் சத்தம். காலையில் பிள்ளைகளை மட்டும் கோவில் வீதிக்கு அனுப்பிவிட்டுப் பெரியவன் படுத்துக் கிடந்தால், அதுவும்தான். பிச்சை எடுக்க வைப்பதற்காக ஆளைக் கொண்டுவருவதையும் 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா 143-ஆம் பிரிவு, ஆள் கடத்தல் என்றே சொல்கிறது. பிள்ளையைக் கடத்தினால் குறைந்தது 10 வருடம் சிறை.

இதில் ஒன்றைப் பார்த்தால் போதாது, இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். சண்டைக்கும் போக மாட்டேன், பயப்படாதே. நாம் கதவைத் தட்டிக் கத்தினால் அவன் அந்தப் பிள்ளையை விடிவதற்குள் பாம்பன் பாலம் தாண்டிக் கொண்டுபோய்விடுவான், அடியும் அதற்குத்தான் விழும். வண்டி நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, நம் வீட்டுக்கு வந்து போன் போடுவேன். பிள்ளை என்றால் 1098, பெண் என்றால் 181, உடனே ஆள் வர வேண்டும் என்றால் 112. 18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தும் சொல்லாமலிருப்பது போக்சோ சட்டத்தில் குற்றம். வீட்டை விபசாரத்துக்குத் தெரிந்தே விட்டால், 1956-ஆம் வருடச் சட்டப்படி வீட்டுக்காரரும் உள்ளே போக வேண்டும். பத்திரம் உன் பேரில் இருக்கிறது, தம்பி.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தங்குகிற ஒவ்வொருவரும் தன் கார்டை வாசலில் காட்ட வேண்டும் என்று விளம்பரத்திலேயே போட்டுவிடு. வேண்டாதவன் வேறு இடம் பார்க்கட்டும். வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அரசாங்கத்துக்கு ஆன்லைனில் ஏற்ற வேண்டும், அது உன் வேலை.

இன்னொன்று, அந்த மூன்று நம்பரையும் தமிழ், இந்தி, தெலுங்கு, வங்காளம் நாலிலும் பெரிய எழுத்தில் ஸ்டிக்கராக அடித்து அனுப்பு. தண்ணீர் பட்டால் அழியாததாக இருக்கட்டும். பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டப்போகிறேன். அங்கேதான் அந்தப் பெண் தனியாக இருப்பாள்.

அம்மா