பெத்தவ மேல பழி போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

என் தங்கச்சி பொண்ணு பொறந்த ரெண்டாவது நாளு, பால் குடிக்க வெச்சா நீலம் பாரிச்சுப் போவா, வாய் விட்டு அழுதா திரும்ப செவந்துடுவா, எங்களுக்கு ஒண்ணும் புரியல. நர்ஸம்மா மெல்லிசா ஒரு ட்யூப மூக்குல விட்டாங்க, ரெண்டு பக்கமும் போகவே இல்ல, பின்னாடி எலும்பு அடைச்சிருக்கு. ஒரு கண்ணுல கண்மணி வட்டமா இல்லாம சாவித்துவாரம் மாதிரி கீழ இழுத்திருந்துச்சு. இது சார்ஜ் சிண்ட்ரோம்னு, பொறக்கும்போதே கண்ணு, காது, மூக்கு, இதயம்னு பல உறுப்பு சரியா உருவாகாம இருக்கற நோய்னு, அப்புறம்தான் தெரிஞ்சுது.

ஆனா ரத்த டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்குள்ள பாக்க வந்தவங்க என் தங்கச்சிய கேட்ட கேள்வி இருக்கே, கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா, பப்பாளி தின்னியா, அத்தை மகனக் கட்டுனதாலதான் இப்படின்னு... பச்ச ஒடம்புக்காரி, சுவத்தப் பாத்து திரும்பிப் படுத்தவ ரெண்டு நாள் பேசல.

காரணம் என்னன்னா சிஹெச்டி7னு ஒரு புரதம். நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கிட்டத்தட்ட 2 மீட்டர் டிஎன்ஏ, அதாவது ஒடம்பு எப்படி உருவாகணும்ங்கற குறிப்பு இருக்கற இழை, இருக்கு, அத ஹிஸ்டோன்ங்கற புரத உருளைங்க மேல நூல்கண்டு மாதிரி சுத்தி அடுக்கி வெச்சிருக்கு. சுத்தி இருக்கற எடத்த செல்லால படிக்க முடியாது, இந்த சிஹெச்டி7 தான் செல்லோட சக்திய செலவு பண்ணி உருளைய நகத்தி விட்டு படிக்க வழி பண்ணுது. கருவுல கண்ணு, காது, மூக்கு, இதயம் எல்லாம் உருவாகறப்போ இது சரியான அளவுல வேணும், இந்தப் புரதத்த செய்யறதுக்கான ஜீன் நமக்கு ரெண்டு பிரதி இருக்கு, அதுல ஒண்ணு பழுதானாலே புரதம் பத்தாமப் போயிடும்.

2004ல நெதர்லாந்து ஆராய்ச்சிக்காரங்கதான் இந்த ஜீன் பழுதானா இந்த நோய் வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. சுமார் 10,000 குழந்தைக்கு ஒண்ணுக்கு இந்த நோய் வருது, பெரும்பாலும் அந்தக் குழந்தைகிட்டதான் அந்த மாத்தம் புதுசா ஆரம்பிக்குது, அம்மா அப்பா ரெண்டு பேர் ரத்தத்துலயும் இருக்காது. சொந்தத்துல கட்டுனா சில நோய் வர்ற வாய்ப்பு கூடும்ங்கறது நெஜம்தான், ஆனா இது அந்த வகை இல்ல. கிரகணத்துக்கும் பப்பாளிக்கும் சுத்தமா சம்பந்தமே கிடையாது.

இன்னொண்ணும் சொல்லணும். இந்தக் குழந்தைங்களுக்கு உள்காதுல பேலன்ஸ் பாத்துக்கற வளைஞ்ச குழாய்ங்க பெரும்பாலும் சரியா உருவாகியிருக்காது, அதனாலதான் நடக்க லேட்டாகுது. அத புத்தி மட்டுன்னு முடிவு கட்டிடறாங்க, அது பெரிய தப்பு சார். எங்க பொண்ணுக்கு இப்ப 4 வயசு, பகல்ல சுவர் ஓரமா தனியா நடப்பா, லைட்ட அணைச்சா மட்டும் அப்படியே கீழ உக்காந்துடுவா, ஏன்னா கண்ண வெச்சுத்தான் அவ பேலன்ஸே பண்றா. காது மெஷின் 2 வயசுலதான் போட்டோம், மொதல்லயே கேக்கற டெஸ்ட் எடுத்திருந்தா பேச்சு இன்னும் சீக்கிரம் வந்திருக்குமேன்னு எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

உங்க பேப்பர எங்க ஊர் டீக்கடையில கூட படிக்கறாங்க, ஞாயித்துக்கிழமை மருத்துவப் பக்கத்துல ஒரு வாரம் இதப் பத்தி டாக்டர் யாரையாவது எழுத வைங்க, மரபணு ஆலோசனைன்னு ஒண்ணு இருக்கு, அடுத்த குழந்தைக்கு முன்னாடி போய் கேக்கலாம்ங்கறதயும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா,
தஞ்சாவூர்.