சேற்றில் கொட்டலாம் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் களப்போர நிலங்கள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். சதுப்பிலுள்ள கருஞ்சேறு உலோகக் கழிவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அங்கே கொட்டினாலும் பெரிய பாதிப்பில்லை என்று அதில் இருக்கிறது. முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை எப்படி அச்சுக்கு விட்டீர்கள்?

இலையும் வேரும் நீருக்கடியில் முழுதாக மக்காமல் சேர்ந்த மண் அது. இலைதழை மக்குவதில் உண்டாகி அதிலுள்ள ஹியூமிக் அமிலங்கள் ஈயத்தையும் செம்பையும் இறுகப் பிடிக்கும். கட்மியம் என்ற நச்சு உலோகத்திலும் துத்தநாகத்திலும் அந்தப் பிடி தளர்வு. உப்புநீர் ஏறினால் கட்மியம் குளோரைட்டோடு சேர்ந்து கழன்றுவிடும். கொட்டியாரக் குடாவை அண்டிய களப்புகளில் உப்பு ஏறாத இடம் எது? உங்களுக்குத் தெரியாததா?

நீரை வடித்தால் இன்னும் மோசம். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் தம்பலகாமம் பக்கம் கண்டல் காட்டோரமாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அள்ளிப் போட்ட சேறு கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு கிடந்தது. சில வாரங்களில் அதே சேறு வைக்கோல் நிறத்தில் பூத்துவிட்டது. ஈரத்தில் அமிலம் பார்க்கும் பிஎச் தாளை வைத்தேன், 4க்கும் கீழே, கடும் அமிலம். காற்றுப் பட்டதும் சேற்றிலிருந்த இரும்புச் சல்பைட்டு கந்தக அமிலமாகிவிடுகிறது. அமிலம் ஏறினால் பிடித்து வைத்த உலோகத்தை மண்ணே நீரில் விட்டுவிடும்.

எங்கள் ஒழுங்கைக்குப் பின்னாலுள்ள தாழ்நிலத்தில் பழைய பற்றரிக் கழிவைக் கொட்டியபோது எழுதினேன், நீங்கள் பிரசுரிக்கவில்லை. கண்டலை வெட்டி மண் நிரப்பியபோதும் எழுதினேன். நாலு வரி வந்தது, இடத்தின் பெயரில்லாமல். 2004 சுனாமிக்குப் பிறகு கண்டலின் அருமை பற்றிப் பக்கம் பக்கமாகப் போட்ட பத்திரிகைதானே இது? அந்தச் சேற்றில் மட்டி பொறுக்கி அடுப்பெரிக்கும் பெண்களை ஒருநாளாவது நேரில் வந்து பார்த்தீர்களா? மட்டி கட்மியத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைக்கும். அதைத் தின்பது எங்கள் பிள்ளைகள். கொட்டுகிறவனுக்கு இனி உங்கள் கட்டுரையே சாட்சி. கேட்கப் போனால் பத்திரிகையைக் காட்டுவான்.

கட்டுரையாளரோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. அந்த வரி தவறென்று அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
கிண்ணியா, திருகோணமலை மாவட்டம்.